இதோ வர்றேன்

என் கணவர் சர்வேயர். பகலெல்லாம் நிலத்தை அளந்துவிட்டு வீட்டுக்கு வந்து எங்களை எண்ணுவார். லிஃப்டில் ஏறினால் எண்ணுவார், காரில் ஏறினால் எண்ணுவார். அவர் "ஒண்ணு" என்று ஆரம்பிக்க வேண்டும். அடுத்தடுத்து நாங்கள் எங்கள் எண்ணைச் சொல்லி முடித்தால்தான் சாவியைத் திருப்புவார். வண்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன். "கண்ணு ஏமாத்தும். அவங்கவங்க வாயால சொன்னாத்தான் சரி" என்பார்.

சைக்கிள் பயணங்களில் மட்டும் அந்தக் கிறுக்குக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் ஹேண்டில்பாரும் சேர்ந்து திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு வளைவிலும் அவர் முன்னாலிருந்து "ஒண்ணு" என்று கத்துவார். பின்னாலிருந்து எங்கள் எண்கள் வரிசையாக வரும். ஒரு எண் வராவிட்டால் எல்லோரும் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். விடுபட்டவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் திரும்பி வந்து பார்ப்பார்கள். நன்றாக மிதிப்பவர் கடைசியில் வர வேண்டும். எங்கள் குடும்பத்துச் சட்டம் இவ்வளவுதான்.

வருடத்துக்கு ஒரு முறை மூன்று நாள், முந்நூறு கிலோமீட்டர் போகிற பயணம் அது. இருநூறு முந்நூறு பேர் வருவார்கள். நாங்களும் வருடம் தவறாமல் போவோம். போன வருடம் ஐந்து பேராகப் போனோம். ஒண்ணு, கணவர். ரெண்டு, அவருடைய அக்கா. என் நாத்தனார் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர். வீட்டில் உப்பு கேட்டாலே மூன்றாவது பிளாட்பாரம் வரை கேட்கும். மூணு, என் மகள். நாலு, நான். அஞ்சு, என் தங்கை.

தங்கைக்கு வீட்டில் வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் "இதோ"தான். நீச்சல் கோச். எப்போதும் ஈரத்தலை, எப்போதும் தாமதம். எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்டால், "இதோ வர்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள். அப்போது அவள் வீட்டில் துண்டைத் தேடிக்கொண்டிருப்பாள். கிளம்பும்போதும் நம் வழக்கப்படி "வர்றேன்" என்றுதான் சொல்லுவாள். போகிறவர்கள் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லையே. ஆக, வந்தாலும் வர்றேன், போனாலும் வர்றேன். எது எந்த வர்றேன் என்று எங்களுக்குப் பாதி நேரம் தெரியாது.

எனக்கும் அவளுக்கும் ஏழு வயது வித்தியாசம். முகத்தில் ஒற்றுமை கிடையாது. குரல் மட்டும் ஒரே அச்சு. போனில் அவள் என்னைப் போலப் பேசி என் கணவரைப் பத்து நிமிடம் திட்டியிருக்கிறாள். அவரும் மறுபேச்சு பேசாமல் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாதது இது.

இரண்டாம் நாள் காலை. மலை உச்சியில் இருந்த பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அங்கிருந்து பதினோரு வளைவு இறங்கினால் கீழே ஆற்றுப்பாலம், அதைத் தாண்டினால், வந்து சேர்ந்ததற்கு அட்டையில் முத்திரை குத்துகிற கூடாரம். எல்லோரும் சைக்கிளோடு தயாராக நிற்க, தங்கை ஒரு கையுறையைக் காணோம் என்று இருபது நிமிடம் தேடினாள். கடைசியில் அது அவள் ஹெல்மெட்டுக்குள்ளேயே இருந்தது. நான் எல்லோர் எதிரிலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உனக்காக ஊரே காத்துக்கிட்டு நிக்கணுமாடி? ஒருநாள் உன்னை விட்டுட்டுப் போனாத்தான் புத்தி வரும்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

இறங்க ஆரம்பித்தோம். ஒரே மூடுபனி. இரண்டாவது வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து கத்தினாள். "அக்கா, ஷூ லேஸ் அவுந்துடுச்சு! நீங்க போங்க, நான் இதோ வர்றேன்!"

மூன்றாவது வளைவு. "ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு." அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் சும்மா இருந்தால் அவர் பிரேக் பிடிப்பார். எல்லோரும் மறுபடி இவளுக்காக நிற்க வேண்டும். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு நானே சொன்னேன்: "அஞ்சு."

யாரும் நிற்கவில்லை. நான்காவது வளைவிலும் சொன்னேன். முதல் இரண்டு தடவை கோபத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு, ஏற்கனவே சொல்லிவிட்டதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சொன்னேன். மூன்றாவது வளைவிலிருந்து பதினோராவது வரை ஒன்பது தடவை, பாலத்தில் ஒரு தடவை. ஆக மொத்தம் பத்து.

அவள் கூடாரத்துக்கு வரவில்லை. தேட ஆரம்பித்தபோது என் கணவர் அடித்துச் சொன்னார்: "பாலத்துல அஞ்சுன்னு சொன்னா. என் காதால கேட்டேன். அப்ப பாலத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவுலதான் ஏதோ ஆயிருக்கு." எல்லோரும் ஆற்றங்கரையில் தேடினார்கள். மேலேயும் போய்ப் பாருங்களேன் என்று நான் முணுமுணுத்தேன். ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, அதையும் சத்தமாகச் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல்தான் மூன்றாவது வளைவுக்குக் கீழே, சரிவில், புதருக்குள் அவளைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்கலாம்.

நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். வாயை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பு. மெழுகில் ஈறு பிடித்து, பல் ஒவ்வொன்றாக நட்டு, மேல்வாயும் கீழ்வாயும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த வருடம் முழுக்க என் மேசைமேல் திறந்துகிடந்த பிளாஸ்டர் வாய்களைப் பார்க்கும்போதெல்லாம், இப்போது இதில் ஒன்று எண் சொல்லப்போகிறது என்று தோன்றும். எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.

இந்த வருடம் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் ஒரே பிடியாக நின்றாள். அவளுக்குப் பதினாறு வயது. பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்தவள். "சித்தி பாதியில விட்டதை நாம போய் முடிக்கணும்மா" என்றாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார். கணவரும் சரி என்றார். நான் மட்டும் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

பதிவு மேசையில் இருந்த பெண் எங்கள் உறையைப் பிரித்து எண் அட்டைகளை எண்ணி வைத்தாள். ஐந்து இருந்தன.

"நாங்க நாலு பேர்தான்" என்றார் கணவர்.

"முதல்ல நாலுன்னுதான் இருந்துச்சு. போன வாரம் போன் பண்ணி இன்னொருத்தரையும் சேர்க்கச் சொன்னாங்களே. பேரைக் கேட்டேன், இதோ வர்றேன்னு சொல்லி வெச்சுட்டாங்க." அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்கதானே பேசினீங்க? இதே குரல்தான்."

"நான் யாருக்கும் போன் பண்ணலைங்க" என்றேன்.

கணவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. நாத்தனார் என் முதுகைத் தடவி, "பரவால்லம்மா, மனசு கேக்கல போல, விடு" என்று தன் அறிவிப்புக் குரலில் சொல்ல, வரிசையில் நின்ற இருபது பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஐந்தாவது அட்டையை என் மகள் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் பெரும்பாலும் சமவெளி, கடைசியில்தான் மலையேற்றம். நாத்தனாருக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு மகள். எங்கள் நால்வரில் நன்றாக மிதிப்பவள் அவள்தான், அதனால் கடைசி இடம் அவளுக்கு. நாங்கள் எண் சொல்லி முடித்ததும் கணவர் ஒரு நொடி காத்திருப்பது எனக்குக் கேட்டது. சத்தம் போடாமல் காத்திருப்பதும் கேட்கத்தான் செய்கிறது. அவருக்கும் பழக்கம் விடவில்லை.

மாலை நான்கு மணி இருக்கும். மிதிப்பதை நிறுத்திச் சைக்கிளை அதன் போக்கில் விட்டபோது பின்னால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். தங்கையின் சைக்கிளில் பின்சக்கரத்து ஃப்ரீவீல் அப்படித்தான் கத்தும். எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று கணவர் கேட்டபோதெல்லாம், "நான் வர்றது உங்களுக்குத் தெரிய வேணாமா, மாமா?" என்று மறுத்துவிடுவாள். அந்தச் சைக்கிள் இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, முன்சக்கரம் வளைந்து நிற்கிறது.

"உன் சைக்கிள்ல ஏதாவது சத்தம் வருதாடி?" என்று கேட்டேன்.

"என் சைக்கிள்லயா? புதுசும்மா இது" என்றாள் மகள், ரோஷமாக.

அன்றைக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் தங்கல். ஹாலில் அட்டையைக் காட்டினால் ஆளுக்கொரு பாய் கொடுத்தார்கள். மகள் ஐந்தை வாங்கி வந்து வரிசையாக விரித்தாள். விடிந்து எழுந்தபோது எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஐந்தாவது பாயின் தலைமாட்டில் கை பட்டது. சில்லென்று ஈரம். விரலை முகர்ந்தேன். நீச்சல் குளத்துக் குளோரின் வாசனை.

"கூரை ஒழுகுது போல" என்றார் நாத்தனார். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

வெளியே வந்தால் மூடுபனி. என் சைக்கிளின் முன்சக்கரம் வரை தெரிந்தது, அதற்கு மேல் எல்லாம் குரல்கள்தான். மகளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு மட்டும் நீ எனக்கு முன்னால வாடி. நான் கடைசியா வர்றேன்."

"சட்டம்னா சட்டம்தாம்மா. நல்லா மிதிக்கறவங்கதான் கடைசி. நீ கடைசியா வந்தா நாளைக்குத்தான் வந்து சேருவே."

"கண்ணு, சொன்னாக் கேளு."

"ஏம்மா? ஏன்னு சொல்லு, கேக்கறேன்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

இறங்கினோம். முதல் வளைவில் "நாலு." இரண்டாவதில் "நாலு." ஒவ்வொரு தடவையும் போன உயிர் திரும்பி வந்தது. மூன்றாவது வளைவு நெருங்க நெருங்க பிரேக்கை இன்னும் அழுத்தினேன். போன வருடம் அங்கே இல்லாத இரும்புத் தடுப்பு ஒன்று பனிக்குள் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. "ஒண்ணு." "ரெண்டு." "மூணு" என்றேன். காத்திருந்தேன்.

"நாலு."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். தாண்டிவிட்டோம், என் பிள்ளை தாண்டிவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்தது. நான்கு, ஐந்து, ஆறு என்று வளைவுகள் போய்க்கொண்டிருந்தன. ஆறாவது வளைவில் "நாலு" மிகவும் பக்கத்தில் கேட்டது. பத்து மீட்டர் இடைவெளி விட்டு வருகிறவள், தோளுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்ன மாதிரி. கூடவே அந்த டிக் டிக் டிக்.

"தள்ளி வாடி, இடிச்சிடப் போறே!" என்றேன்.

"இதோ" என்று பதில் வந்தது.

என் மகள் இதோ என்று சொல்லுகிறவள் இல்லை. "சரிம்மா" என்பாள், இல்லாவிட்டால் எதிர்த்துப் பேசுவாள். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் தடுமாறும். நிறுத்தினால் பின்னால் வருவது யார் என்று பார்க்க வேண்டியிருக்கும். இருக்கிறாள், எண் சொல்கிறாளே, இருக்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்தபடி இறங்கினேன். ஏழாவது வளைவில் "நாலு." எட்டாவதில் "நாலு." பத்தாவதில்தான் ஒன்று உறைத்தது. அது என் மகளின் குரல் இல்லை. அது என் குரல். பதிவு செய்து கேட்டால் நம் குரல் எப்படி நமக்கே அந்நியமாகக் கேட்குமோ, அந்த மாதிரி என் குரல்.

பாலத்திலும் "நாலு" என்றது.

கூடாரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூன்று பேர் நின்றோம். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து முத்திரை குத்திக்கொண்டு டீ குடித்தார்கள். மகள் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவள் போனுக்குப் போட்டுப் பார்த்தோம், மணி அடிக்கவே இல்லை. கடைசியில் வருகிறவர்களுக்குப் பின்னால் மெதுவாக இறங்குகிற வேன், அதைக் கடைசி வண்டி என்பார்கள், அதுவும் வந்துவிட்டது. வழியில் யாரும் இல்லை என்றார் டிரைவர். போன வருடமும் அவர்தான் ஓட்டினார். எங்களை அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

"பாலத்துல நாலு கேட்டுச்சு" என்றார் கணவர். "அக்கா, உனக்கும் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சே, நல்லாக் கேட்டுச்சே!" என்றார் நாத்தனார்.

"அப்ப பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். ஆத்தங்கரையில ஆளை இறக்குங்க!"

ஆட்கள் ஆற்றை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். அதே ஆறு, அதே ஓட்டம், அதே வார்த்தைகள். நான் நின்ற இடம்கூடப் போன வருடம் நின்ற இடம்தான். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் மதியம் ஆகிவிடும். டாக்டர் வந்து ஒரு மணி நேரக் கதையைச் சொல்லுவார்.

"அங்க இல்ல!" என்று கத்தினேன். நாத்தனாரே திரும்பிப் பார்க்கிற கத்தல். "மூணாவது வளைவுக்குப் போங்க! பாலத்துல நாலு சொன்னது அவ இல்ல!"

"பின்ன யாரு?" என்றார் கணவர்.

"அது எனக்குத் தெரியாது. ஆனா போன வருஷம் அஞ்சு சொன்னது என் தங்கச்சி இல்ல. நான். மூணாவது வளைவுலேருந்து பாலம் வரைக்கும் நான்தான் சொன்னேன். கோபத்துல சொன்னேன். அவ மேலேயே விழுந்து கிடந்தா. எனக்குத் தெரிஞ்சே நீங்க கீழ தேடினீங்க."

டீ டம்ளரோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். நாத்தனார் முதன்முறையாகச் சத்தமே இல்லாமல் ஏதோ சொன்னார். கணவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இன்னிக்கும் நீதான் சொன்னியா?"

"சத்தியமா இல்லைங்க."

அவர் வேனுக்கு ஓடினார்.

வேன் மேலே ஏறியது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். சாலையோரக் கற்களில் எழுதியிருந்த வளைவு எண்கள் இறங்குவரிசையில் வந்தன. மூன்றாவது வளைவில் இரும்புத் தடுப்பு ஓரமாக, பனியில் நனைந்து, என் மகளின் புது சைக்கிள் படுத்திருந்தது. கடைசி வண்டி அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. அந்தப் பனியில் கண்ணில் படவில்லை. தடுப்பின் வெளிப்பக்கக் கம்பியில் அந்த ஐந்தாவது அட்டை தொங்கியது. ஒரு முடிச்சு போட்டிருந்தது, இன்னொன்று போடவில்லை.

அவள் கீழே இருபதடி சரிவில், ஒரு மரத்தின் வேரைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். கால் மடங்கிய விதத்தைப் பார்த்ததும் எலும்பு முறிந்திருக்கிறது என்று தெரிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது, எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சின்ன வயதில் கீழே விழுந்தால் அப்படித்தான் செய்வாள். டிரைவரும் கணவரும் கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தார்கள். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு என்னென்னவோ உளறினேன்.

"சித்திக்குக் கார்டு கட்டலாம்னு நின்னேம்மா" என்றாள். பற்கள் தந்தியடித்தன. "ஒரு நிமிஷ வேலைதானே. நாலு வரலைன்னா நீங்க நின்னுடுவீங்கன்னு நெனச்சேன். வழுக்கிடுச்சு. கத்தினேன். அப்புறம் சட்டப்படி இருந்த இடத்துலயே இருந்தேன்."

"சரிடா, சரிடா கண்ணு."

"நீங்க எண் சொல்றது எனக்குக் கேட்டுச்சும்மா. கீழ போகப் போக சின்னதாக் கேட்டுச்சு. நாலுன்னும் கேட்டுச்சு. நீதான் சொன்னே. நான் இங்க கிடக்கேன், எனக்குப் பதிலா நீ ஏம்மா சொன்னே?"

என் தங்கையும் இங்கேதான் கிடந்தாள். இதே சரிவு, இதே பனி. அவளும் சட்டப்படி இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறாள், எண் வராவிட்டால் நின்று தேடி வருவார்கள் என்று நம்பியிருக்கிறாள். அக்காவின் குரல் "அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு வளைவாக, கீழே கீழே போவதை அவளும் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள். ஒரு வருடமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னது என் கணவருக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளை வேனில் ஏற்றிப் போர்த்தினார்கள். நாத்தனார் அவள் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் தடுப்பருகே நின்று அட்டையில் இரண்டாவது முடிச்சைப் போட்டேன். கீழே பனி மெதுவாக அசைந்தது.

"என்னை மன்னிச்சிடுடி" என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பிள்ளையை எனக்குக் குடுத்துட்டே. அது போதும். நீ இனிமே நிம்மதியா…" வேனுக்குள்ளிருந்து கணவர் என்னைக் கூப்பிட்டார். அவசரமாக, எந்த வீட்டு வாசலிலும் எந்த ஆளை வழியனுப்பும்போதும் சொல்வதைப் போல, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சரி, போயிட்டு வா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போ என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் யாரால் யாரிடம் அப்படிச் சொல்ல முடியும்? பிறந்ததிலிருந்து யாரையும் வா சேர்க்காமல் அனுப்பியதில்லை. சரிவுக்குக் கீழே எங்கேயோ ஃப்ரீவீல் ஒரு சுற்று சுற்றி நின்றது.

ஓடிப்போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன். கணவர் டிரைவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். நானும் நாத்தனாரும் பின்னால், மகள் எங்கள் மடியில் நீட்டிப் படுத்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா, சார்?" என்றார் டிரைவர்.

கணவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு அவர் இனி எப்போது பேசுவார், பேசுவாரா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் பழக்கம் பழக்கம்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு."

"ரெண்டு" என்றார் நாத்தனார்.

"மூணு" என்றேன்.

"நாலு" என்றாள் என் மகள், என் மடியிலிருந்து, அவளுடைய சொந்தக் குரலில்.

கணவர் வழக்கம்போல ஒரு நொடி காத்திருந்தார். என்ன நினைத்தேனோ, கை தானாக எழுந்து என் வாயை இறுக்கப் பொத்தியது. அவர் அந்த நேரத்தில்தான் கண்ணாடியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஜன்னலோரத்திலிருந்து குளோரின் வாசனை வந்தது. "அஞ்சு" என்றது என் குரல்.

டிரைவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். என் கணவர் கண்ணாடியில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.